உயிருள்ள மனித செல்லை அணுவிசை நுண்ணோக்கியில் படமெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

எங்கள் ஆய்வகம் ராயபுரத்துக்கும் தண்டையார்பேட்டைக்கும் நடுவில் இருக்கிறது. சுற்றுவட்டாரக் கல்லூரிகளிலிருந்து ப்ராஜெக்டுக்கு வரும் பிள்ளைகளுக்கு இந்தக் கருவியைச் சொல்லிக்கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. பெரும்பாலானவர்கள் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். செல்லைப் பார்க்கும் ஆவலில் வெறும் கண்ணாடியில் செய்ய வேண்டிய அளவுதிருத்த வேலையைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பிறகு மதியம் மூன்று மணிக்கு, "அக்கா, காலைல நல்லா ஒட்டியிருந்த செல்லு இப்ப சுருங்கிக் கெடக்குதுக்கா" என்று வந்து நிற்பார்கள்.

அணுவிசை நுண்ணோக்கி, அதாவது ஏ.எஃப்.எம்., என்ன செய்கிறது என்பது தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். கூரான டிப் (ஊசிமுனை) ஒன்று கான்டிலீவர், சுருக்கமாக லீவர், என்ற மெல்லிய வளையும் தகட்டின் நுனியில் இருக்கிறது. அது செல்லைத் தொட்டு வளைவதை லேசர் காட்டிக்கொடுக்கிறது. இனி, வேலையின் வரிசைப்படி போகலாம்.

1. முதலில் அறை, அதற்குப் பிறகுதான் செல்

கருவி அளப்பது நானோமீட்டரில். நம் தெருவில் ஓடுவது துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரி. பக்கத்திலேயே சரக்கு ரயில் பாதை. இரண்டையும் நிறுத்த முடியாது. எப்போது குறைகின்றன என்று தெரிந்துகொள்ள முடியும்.

செல் எதுவும் இல்லாமல், வெறும் கண்ணாடி டிஷ்ஷில் நீர் ஊற்றி டிப்பை இறக்குங்கள். ஸ்கேன் அளவைப் பூஜ்யமாக வைத்து, உயரத் தடத்தை (டிப்பின் உயரம் நேரத்தோடு மாறுவதைக் காட்டும் கோடு) மட்டும் பதிவு செய்யுங்கள். ஒரு வாரம், நாளுக்கு மூன்று வேளை. எந்த மணியில் தடம் அமைதியாக இருக்கிறதோ அதுதான் உங்கள் நேரம். எங்களுக்கு ஞாயிறு காலை கிடைத்தது. உங்கள் கட்டடத்துக்கு வேறாக இருக்கலாம்.

காற்றில் வரும் ஒலியும் கணக்கில் வரும். ஆடி மாதம் அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றும் நாட்களில் ஒலிபெருக்கியின் பாஸ் ஒலி படத்தில் வரிவரியாக விழும். திருவிழா நாட்களைக் காலண்டரில் குறித்து, அன்று செல் வளர்ப்பு வேலையை மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. ஏ.சி.யின் காற்று நேராகக் கருவி மேல் விழாமல் திருப்பிவிடுங்கள். அதிர்வுதாங்கி மேசை இல்லாத இடங்களில், கனமான கிரானைட் பலகையை ரப்பர் கயிறுகளில் தொங்கவிட்டு அதன்மேல் கருவியை வைக்கிற பழைய முறை இன்றும் நன்றாகவே வேலை செய்கிறது. பாரம் கூடக் கூட, கயிறு நீளமாக நீளமாக, தொங்கும் அமைப்பு மெதுவாக ஆடும். மெதுவாக ஆடுவது வேகமான அதிர்வைக் கீழே இறங்க விடாது.

படத்தில் வரிகள் வந்தால் அது அதிர்வா, செல்லிலேயே உள்ள அமைப்பா என்று தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. ஸ்கேன் வேகத்தை மாற்றுங்கள். வரிகளின் இடைவெளியும் சாய்வும் மாறினால் அது வெளியிலிருந்து வருகிறது. மாறாமல் அதே இடத்தில் நின்றால் அது செல்லுக்குச் சொந்தம்.

2. இரண்டு நாள் முன்பே விதைக்க வேண்டியது

பழக ஆரம்பிப்பவர் தட்டையாகப் பரவி, இறுக்கமாக ஒட்டும் செல்லை எடுங்கள். தோல் ஃபைப்ரோபிளாஸ்ட் நல்ல தேர்வு. ரத்தத்தில் மிதக்கும் வெள்ளணுக்களை முதல் முயற்சிக்கு எடுக்க வேண்டாம். உருண்டையாக இருப்பதால் டிப் தொட்டதுமே உருண்டு ஓடும். நோயாளியிடமிருந்து நேராக எடுத்த திசு என்றால் நிறுவனத்தின் நெறிமுறைக் குழு அனுமதி கையில் வந்த பிறகுதான் மற்றதெல்லாம். வளர்ப்பில் உள்ள மனித செல் வரிசைகளையும் இரண்டாம் நிலை உயிர்ப் பாதுகாப்பு விதிப்படியே கையாளுங்கள்.

டிரிப்சின் என்ற நொதி போட்டுப் பிரித்த செல்களை 24 முதல் 48 மணி நேரம் முன்பே டிஷ்ஷில் விடுங்கள். டிரிப்சின் செல்லின் மேற்பரப்புப் புரதங்களையும் சேர்த்து அறுத்துவிடுகிறது. அவை மீண்டும் முளைத்து, கண்ணாடியைப் பிடித்துக்கொள்ள நேரம் வேண்டும். காலையில் விதைத்து மாலையில் ஸ்கேன் செய்தால் செல் டிப்போடு வந்துவிடும். ஒட்டுதல் குறைவான வகை என்றால் ஃபைப்ரோநெக்டின் அல்லது ஜெலட்டின் பூச்சுப் போட்ட டிஷ்.

டிஷ்ஷின் தரையில் பாதி முதல் முக்கால் பங்கு வரை செல் மூடியிருந்தால் போதும். அதற்கு மேல் நெருங்கினால் பக்கத்தில் வெறும் கண்ணாடியே இருக்காது. உயரத்தை எதிலிருந்து அளப்பது?

டிஷ்ஷின் அடித்தளம் பற்றி ஒரு வார்த்தை. ஒளிர்வுப் படமும் சேர்த்து எடுக்கிறவர்கள் மெல்லிய கவர்ஸ்லிப் அடித்தளம் உள்ள டிஷ் வாங்குவார்கள். அந்தக் கண்ணாடியின் தடிமன் 0.17 மில்லிமீட்டர்தான், பறைத்தோல் போல அதிரும். ஒளிர்வு வேண்டாம் என்றால் தடித்த அடித்தளம் உள்ள சாதாரண வளர்ப்பு டிஷ்ஷே மேல். தனிக் கவர்ஸ்லிப்பில் வளர்த்திருந்தால் அதன் அடிப்பக்கத்தைத் துடைத்து நன்கு ஒட்டவையுங்கள். கீழே ஒரு சொட்டு மீடியம் (செல்லுக்கான ஊட்டக் கரைசல்) தங்கினாலும் அது தோணி மாதிரி மிதக்கும். நீங்கள் செல்லின் மென்மை என்று எழுதுவது அந்த மிதப்பாக இருக்கும்.

3. மீடியம்: எதை ஊற்றுவது, எதை ஊற்றக்கூடாது

இன்குபேட்டரில் 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு இருக்கிறது. கருவி மேசையில் இல்லை. பைகார்பனேட்டை நம்பி இருக்கும் வழக்கமான மீடியத்தை வெளியே வைத்தால் வாயு போய்க் காரம் ஏறும். ஃபீனால் ரெட் என்ற நிறங்காட்டி உள்ள மீடியம் ஊதா பக்கம் சாய்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அதனால் லெய்போவிட்ஸ் எல்-15 மீடியம், அல்லது ஹெப்பெஸ் 20 முதல் 25 மில்லிமோலார் சேர்த்த மீடியம். இரண்டும் வாயு இல்லாமலே அமில-காரச் சமநிலையைக் காக்கும். ஃபீனால் ரெட் இல்லாத வகையாக வாங்குங்கள்.

மாற்றுவதற்கு முன் இரண்டு முறை கழுவ வேண்டும். மிதக்கும் இறந்த செல்லும் சீரம் புரதமும்தான் டிப்பில் ஏறி உட்காருகின்றன. இங்கே நடக்கும் தவறு எனக்கு மனப்பாடம். கல்ச்சர் ஹூட்டில் கைக்கு எட்டும் பி.பி.எஸ். (பாஸ்பேட் பஃபர் உப்புக் கரைசல்) பாட்டிலை எடுத்துக் கழுவிவிடுவார்கள். அது டிரிப்சினுக்கு முன் ஊற்றுவதற்காகக் கால்சியமும் மக்னீசியமும் நீக்கிய பாட்டில். செல் ஒட்டிக்கொள்வதற்குக் கால்சியம் வேண்டும். அதை எடுத்துவிட்டு ஒட்டவில்லையே என்று வருந்துவதில் பயனில்லை. இரண்டும் உள்ள பஃபரை 37 டிகிரிக்குச் சூடாக்கி, டிஷ்ஷின் ஓரமாக மெதுவாக விடுங்கள்.

சூடான தட்டில், ஏ.சி. அறையில், திறந்த டிஷ்ஷிலிருந்து நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். உப்பு போகாது. கொஞ்சம் கொஞ்சமாக உப்புக் கூடும், செல் சுருங்கும். ஒரு நாள் வெறும் டிஷ்ஷில் மீடியம் ஊற்றி, 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, முன்னும் பின்னும் தராசில் நிறுத்துப் பாருங்கள். குறைந்த எடைதான் மணிக்கு நீங்கள் ஈடுசெய்ய வேண்டிய நீர். ஈடுசெய்வது கிருமி நீக்கிய வாலைவடிநீரால். மீடியத்தையே ஊற்றினால் உப்பு இன்னும் ஏறும்.

4. கான்டிலீவர் தேர்வு

மென்மையானது வேண்டும். விசைமாறிலி (லீவரை வளைக்க எவ்வளவு விசை வேண்டும் என்ற எண்) மீட்டருக்கு 0.01 முதல் 0.1 நியூட்டன் வரை. காற்றில் டேப்பிங் (தட்டித் தட்டிப் படமெடுத்தல்) செய்யும் சிலிக்கன் லீவர் இதைவிட நூறு மடங்குக்கும் மேல் கடினம். ஆய்வகத்தில் மிச்சம் இருக்கிறது என்று அதை எடுத்துப் போட்ட நாட்களில் செல் கிழிந்ததுதான் கண்ட பலன். சிலிக்கன் நைட்ரைடு லீவரில் 0.03 ஒரு நல்ல தொடக்கம்.

டிப்பின் உயரத்தையும் பாருங்கள். சாதாரண நைட்ரைடு டிப் 3 முதல் 8 மைக்ரான். உட்கரு இருக்கும் இடத்தில் செல்லின் உயரமும் கிட்டத்தட்ட அதே அளவு. டிப் குட்டையாக இருந்தால் லீவரின் விளிம்பு செல்லில் இடிக்கும், படத்தில் பொய்யான ஒரு மேடு தெரியும். உயரமான செல் என்றால் 15 மைக்ரானுக்கு மேல் நீண்ட டிப் உள்ள வகையை வாங்கக் கேளுங்கள்.

வடிவம் நோக்கத்தைப் பொறுத்தது. உதாரணக் கணக்கு: செல்லின் மீள்மைக் குணகம் (விறைப்பு) 1 கிலோபாஸ்கல், விசை 200 பிக்கோநியூட்டன். பக்கச்சாய்வு 20 டிகிரி உள்ள கூரான பிரமிடு வடிவ டிப் ஏறக்குறைய முக்கால் மைக்ரான் உள்ளே இறங்கும். 5 மைக்ரான் விட்டமுள்ள உருண்டை ஒட்டிய லீவர் அதே விசையில் 0.2 மைக்ரானுக்கும் குறைவாகத்தான் இறங்கும். நுணுக்கமான படத்துக்குக் கூர்மை, மென்மையை அளக்க உருண்டை. ஒரே லீவரில் இரண்டையும் சாதிக்கப் பார்க்க வேண்டாம்.

லீவர் பெட்டியைச் சிலிக்கா ஜெல்லோடு மூடி வையுங்கள். கடற்காற்றின் ஈரமும் உப்பும் தங்கப் பூச்சுக்கு ஆகாது.

5. பொருத்துதல், நனைத்தல், லேசர்

லீவரைப் பிடித்துக்கொள்ளும் ஹோல்டரை 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்து, வாலைவடிநீரில் அலசி, முழுக்கக் காயவிட்டுப் பிறகு லீவரைப் பொருத்துங்கள். காற்றிலேயே லேசரை லீவரின் நுனியில் ஒருமுறை பிடித்துவிடுங்கள். திரவத்துக்குள் போன பிறகு தேடுவதைவிட இது எளிது.

இறக்குவதற்கு முன் ஒரு சொட்டு வெதுவெதுப்பான மீடியத்தை லீவரின் மேலேயே தொங்கவிடுங்கள். சொட்டு சொட்டோடு சேரும்போது காற்று சிக்காது. உலர்ந்த லீவரை நேராக நீர்ப்பரப்பில் இறக்கினால் குமிழி பிடிக்கும், சில சமயம் நீரின் பரப்பு இழுவிசையே மெல்லிய லீவரை ஒடித்துவிடும்.

இறங்கியதும் லேசர் இடம் மாறியிருக்கும். நீரில் ஒளி வேறு கோணத்தில் வளைவதால் அப்படித்தான் ஆகும், கருவி கெட்டுவிடவில்லை. "அக்கா, லேசரே தெரியலக்கா" என்று சொல்லும் பிள்ளைகளிடம் நான் கேட்பது ஒன்றுதான்: குமிழி இருக்கிறதா, பார்த்தாயா? சிக்னல் அலைந்துகொண்டே இருந்தால் பத்தில் எட்டு தடவை அது குமிழி. ஹோல்டரை எடுத்து, ஓரத்தைத் துடைத்து, மறுபடி நனைத்து இறக்குவதைத் தவிர வேறு வழி இல்லை. தட்டிப் பார்க்காதீர்கள்.

6. காத்திருத்தல்

இதுவும் ஒரு படிதான், தனி எண் கொடுத்திருக்கிறேன்.

லீவரின் முதுகில் தங்கம், அடியில் நைட்ரைடு. இரண்டும் சூட்டில் வெவ்வேறு அளவு விரியும். வெப்பநிலை அரை டிகிரி மாறினாலும் லீவர் தானாக வளையும். செல்லைத் தொடாமலே வளைவுச் சிக்னல் ஏறி இறங்கும். ஹீட்டரை 37 டிகிரியில் வைத்து, லீவர் நீருக்குள் இருக்க, குறைந்தது 45 நிமிடம் விடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சிக்னலைக் குறித்து வையுங்கள். பத்து நிமிடத்தில் 0.02 வோல்ட்டுக்கும் குறைவாக நகரும் நிலை வந்தால் அடுத்த படிக்குப் போகலாம். ஏன் இவ்வளவு கறார் என்பது 8-ஆம் படியில் எண்ணாகத் தெரியும்.

இந்த நேரத்தில் அறைக் கதவு திறக்கக்கூடாது. டீ வேண்டுமென்றால் முன்பே குடித்துவிட்டு வாருங்கள். செல் டிஷ் அதுவரை இன்குபேட்டரிலேயே இருக்கட்டும். இப்போது கருவியில் இருப்பது செல் இல்லாத டிஷ். இந்த வரிசை மாறவே கூடாது. செல் டிஷ்ஷை முதலிலேயே வைத்துவிட்டால் நீங்கள் காத்திருக்கும் 45 நிமிடமும், அளவுதிருத்தும் அரை மணியும் செல்லின் ஆயுளிலிருந்து கழிகிறது.

7. கண்ணாடியில் அளவுதிருத்தம்

இரண்டு எண்கள் வேண்டும். ஒன்று, லீவர் எத்தனை நானோமீட்டர் வளைந்தால் ஒரு வோல்ட் வருகிறது. மற்றொன்று, லீவரின் விசைமாறிலி.

முதல் எண்ணுக்கு, டிப்பைக் கண்ணாடியில் அழுத்தி விசை வளைவு (நகர்வுக்கு ஏற்ப விசை மாறுவதைக் காட்டும் கோடு) எடுங்கள். கண்ணாடி அமுங்காது. பியசோ (மின்னழுத்தத்தில் நீண்டு சுருங்கி டிப்பை ஏற்றி இறக்கும் பாகம்) எவ்வளவு நகர்ந்ததோ அவ்வளவும் லீவரின் வளைவே. தொட்ட பிறகு வரும் நேர்கோட்டின் சாய்விலிருந்து எண் கிடைக்கும். ஐந்து தடவை எடுத்துச் சராசரி பாருங்கள். ஐந்தும் ஒன்றுக்கொன்று சில சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். நேர்கோடு வளைந்தோ படிப்படியாகவோ வந்தால் டிப்பில் அழுக்கு இருக்கிறது, அல்லது டிஷ் அசைகிறது.

இரண்டாவது எண்ணுக்கு, டிப்பைத் தரையிலிருந்து நூறு மைக்ரானுக்கு மேல் தூக்கி, வெப்பத்தால் லீவர் தானாக நடுங்குவதைப் பதிவு செய்யுங்கள். மென்மையான லீவர் அதிகம் நடுங்கும். மென்பொருளே விசைமாறிலியைக் கணக்கிட்டுத் தரும். 0.03 லீவர் 37 டிகிரியில் நடுங்கும் அளவு சராசரியாக 0.4 நானோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. விசையில் சொன்னால் சுமார் 11 பிக்கோநியூட்டன். அதற்குக் கீழே உங்களால் எதையும் நம்பி அளக்க முடியாது.

திரவத்தில் ஒத்ததிர்வு எண் காற்றில் இருப்பதைவிடப் பல மடங்கு குறையும், சிகரமும் அகன்று படுத்திருக்கும். தொழிற்சாலைப் பெட்டியில் அச்சிட்ட எண்ணைத் தேடி வேறு ஏதோ கூரான சிகரத்தைப் பொருத்திவிடாதீர்கள். அது மின்சார இரைச்சலாக இருக்கலாம்.

வந்த விசைமாறிலி பெட்டி எண்ணின் இரண்டு மடங்குக்கு மேலோ பாதிக்குக் கீழோ இருந்தால் முதல் எண்ணைச் சந்தேகப்படுங்கள். அதில் 10 சதவீதப் பிழை விசைமாறிலியில் ஏறக்குறைய 20 சதவீதப் பிழையாக ஏறும். இதற்குப் பிறகு லேசர் திருகைத் தொட்டால் இரண்டு எண்களும் செல்லாது, மறுபடி முதலிலிருந்து.

8. விசையைத் தாளில் போட்டுப் பாருங்கள்

முதல் எண் வோல்ட்டுக்கு 60 நானோமீட்டர், விசைமாறிலி 0.03 என்று வைத்துக்கொள்வோம். ஒரு வோல்ட் என்பது 1.8 நானோநியூட்டன். உயிருள்ள செல்லில் தொடுநிலை ஸ்கேனுக்கு நாம் கொடுக்க விரும்புவது 100 முதல் 200 பிக்கோநியூட்டன். அதாவது 0.06 முதல் 0.11 வோல்ட்.

இப்போது 6-ஆம் படிக்குத் திரும்புங்கள். சூடு நிலைக்காமல் சிக்னல் 0.1 வோல்ட் நகர்ந்தால் அதுவே 180 பிக்கோநியூட்டன். நீங்கள் கொடுக்க நினைத்த முழு விசையும் அதற்குள் போய்விட்டது. ஒரு பக்கம் நகர்ந்தால் டிப் செல்லை விட்டு மேலெழும், மறுபக்கம் நகர்ந்தால் இரண்டு மடங்கு அழுத்தும். திரையில் செட்பாயிண்ட் (கருவி காக்க வேண்டிய இலக்குச் சிக்னல்) எண் மட்டும் மாறாமல் அப்படியே நிற்கும். அதனால் பலர் கடைசி வரை கண்டுபிடிப்பதில்லை.

இந்தக் கணக்கைப் பதிவேட்டில் கையால் எழுதிய பிறகுதான் செல் டிஷ்ஷைக் கருவிக்குக் கொண்டுவரச் சொல்வேன்.

9. செல் டிஷ்ஷை வைத்து இறங்குதல்

இன்குபேட்டரிலிருந்து எடுத்த டிஷ் ஏ.சி. அறைக்கு வந்ததும் மூடியின் உட்பக்கம் பனி படியும். அடியில் ஈரம் இருந்தால் துடைத்துவிட்டு வையுங்கள். வைத்த பிறகு மறுபடி 15 நிமிடம் சூடு நிலைக்கட்டும்.

கீழிருக்கும் ஒளி நுண்ணோக்கியில் செல்லைத் தேர்ந்தெடுங்கள். நன்றாகப் பரவியது, ஓரம் மெல்லியது, பக்கத்தில் வெறும் கண்ணாடி உள்ளது. வட்டமாகப் பளபளக்கும் செல் இரண்டாகப் பிரியப் போகிறது, அல்லது இறக்கப் போகிறது. இரண்டும் வேண்டாம்.

உட்கருவின் மேல் நேராக இறங்காதீர்கள். பக்கத்துக் கண்ணாடியில் இறங்கிப் பிறகு செல் பக்கம் விரியுங்கள். இங்கே பியசோவின் நீளத்தைக் கவனிக்க வேண்டும். மேலிருந்து கீழ்வரை மொத்தம் 15 மைக்ரான் ஓடும் பியசோ, கண்ணாடியில் தொடும்போது நடுவில் நின்றால் மேலே ஏற 7.5 மைக்ரான்தான் மிச்சம். 8 மைக்ரான் உயர உட்கருவில் ஏற முடியாமல் இடித்துவிடும். தொடும்போது பியசோ பெரும்பாலும் நீண்டிருக்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள், ஏறுவதற்கு இடம் கிடைக்கும். மொத்த ஓட்டமே 5, 6 மைக்ரான் உள்ள கருவியில் செல்லின் ஓரத்தை மட்டும் எடுங்கள்.

பொய்யாகத் தொட்டதாகக் கருவி சொல்வது அடிக்கடி நடக்கும். சிக்னல் நகர்ந்து செட்பாயிண்டை எட்டினாலே மோட்டார் நின்றுவிடும், டிப் இன்னும் அந்தரத்தில் இருக்கும். செட்பாயிண்டைச் சிறிதளவு கூட்டிப் பாருங்கள். பியசோ சிறிது மட்டும் நகர்ந்து நின்றால் உண்மையில் தொட்டிருக்கிறது. விறுவிறுவென்று ஓடினால் தொடவில்லை. ஒரு விசை வளைவு எடுத்தும் உறுதிசெய்யலாம்.

10. முதல் ஸ்கேன்

உங்கள் கருவியில் ஒவ்வொரு புள்ளியிலும் தொட்டுத் தூக்கும் முறை இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். ஒவ்வொரு தொடுகையிலும் அடிக்கோட்டை (டிப் எதையும் தொடாதபோது வரும் சிக்னலை) புதிதாகப் பார்ப்பதால் சிக்னல் நகர்வு விசையைக் கெடுக்காது. பக்கவாட்டில் இழுப்பதும் இல்லை. இல்லாதவர்களுக்குக் கீழே உள்ளது.

1 மைக்ரான் ஸ்கேனில் தொடங்கி 10, 30, 80 என்று விரியுங்கள். எடுத்த எடுப்பில் 80 போட்டால் கண்ணாடியிலிருந்து செல்லின் சுவரில் முழு வேகத்தில் மோதும். வரி வேகம் 0.3 முதல் 0.5 ஹெர்ட்ஸ். 80 மைக்ரான் அகலத்தில் 0.5 ஹெர்ட்ஸ் என்றால் டிப் வினாடிக்கு 80 மைக்ரான் ஓடுகிறது. 256 வரிக்கு எட்டரை நிமிடம் ஆகும். நீளமான செல் என்றால் அதன் நீள வாக்கிலேயே வரி ஓடும்படி திருப்புங்கள். செங்குத்தாக ஏறி இறங்கும் இடங்கள் குறையும்.

கெயினை (டிப்பின் உயரத்தைக் கருவி எவ்வளவு வேகமாகச் சரிசெய்கிறது என்ற அளவு) குறைவாகத் தொடங்கி, தடத்தில் நடுக்கம் தெரியும் வரை கூட்டி, கொஞ்சம் பின்வாங்குங்கள். போகும் தடமும் திரும்பும் தடமும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார வேண்டும். உட்காரவில்லை என்றால் விசையைக் கூட்டுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அதைச் செய்யாதீர்கள், வேகத்தைக் குறையுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் இடையில் டிப்பைத் தூக்கி, அடிக்கோட்டுச் சிக்னலைப் பார்த்து, செட்பாயிண்டைச் சரிசெய்யுங்கள்.

படத்தில் செல்லுக்குள் நீள நீளமான இழைகள் தெரிந்தால் அவை சவ்வுக்குக் கீழே உள்ள ஆக்டின் என்ற புரத இழைக் கட்டுகள். டிப்பின் அழுத்தத்தில் சவ்வு அமுங்க, அடியில் உள்ள விறைப்பான இழை மேலெழுந்து தெரிகிறது, ஈரத்துணிக்கு அடியில் கிடக்கும் கயிறு போல. அழகான படம்தான். ஆனால் அதில் வரும் உயரம் அமுங்கிய உயரம், செல்லின் சொந்த உயரம் அல்ல. உயரத்தை எழுத வேண்டுமென்றால் விசை வளைவில் டிப் முதலில் தொட்ட புள்ளிகளிலிருந்து கணக்கிடுங்கள்.

செல்லின் ஓரம் படத்துக்குப் படம் உள்வாங்கினால், அல்லது ஸ்கேன் போன திசையில் கோடுகள் இழுபட்டால், விசை அதிகம். நிறுத்திவிட்டு வேறு செல்லுக்குப் போங்கள். காயப்பட்ட செல்லை விசையைக் குறைத்து மறுபடி எடுத்தால் நீங்கள் படமெடுப்பது காயத்தைத்தான்.

11. விறைப்பு வரைபடம் வேண்டுமென்றால்

32-க்கு 32 கட்டம் என்றால் 1024 விசை வளைவுகள். வளைவுக்கு ஒரு வினாடி வைத்தாலும் 17 நிமிடம். அதற்குள் செல் நகர்ந்திருக்கும். தொடங்கும்போதும் முடியும்போதும் ஒளிப்படம் எடுத்து ஒப்பிடுங்கள்.

இறங்கும் வேகம் வினாடிக்கு 2 முதல் 5 மைக்ரான். வேகம் கூடினால் நீரின் இழுவையால் போகும் கோடும் திரும்பும் கோடும் பிரியும், செல்லும் விறைப்பாகத் தெரியும். எல்லா நாளும் ஒரே வேகம் வைத்து, அதை முடிவோடு எழுதுங்கள். விறைப்பைக் கணக்கிட, விசையையும் அமுங்கும் ஆழத்தையும் இணைக்கும் ஹெர்ட்ஸ் சமன்பாட்டை விசை வளைவில் பொருத்தும்போது செல்லின் உயரத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்கிய பகுதியை வெட்டிவிடுங்கள். அதற்குக் கீழே கண்ணாடியின் விறைப்பு கலக்கிறது. செல்லின் மெல்லிய ஓரம் எப்போதும் நடுவைவிட விறைப்பாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம். ஓரத்து எண்ணைப் பெரிய கண்டுபிடிப்பாக எடுத்து வந்த இரண்டு பிள்ளைகளை உட்கார வைத்து இதைக் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறேன்.

12. படம் எடுக்கும்போது செல் உயிரோடு இருந்ததா?

தலைப்பில் 'உயிருள்ள' என்று எழுதுகிறோம். அதற்கு ஆதாரம் வேண்டும். கருவி மேசையில் ஒரு டிஷ் இருக்கக்கூடிய நேரத்தை இரண்டு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் டிரைபான் ப்ளூ சாயம் விட்டுப் பாருங்கள். சவ்வு கிழிந்த செல் நீலமாகும். ஸ்கேன் செய்த செல்லைக் கண்டுபிடிக்க ஒளிப்படத்தில் இடத்தைக் குறித்திருக்க வேண்டும்.

இன்னொரு டிஷ்ஷும் வேண்டும். அதே நாளில் விதைத்து, அதே மீடியம் ஊற்றி, அதே சூட்டில் அதே நேரம் வைத்து, டிப் மட்டும் தொடாதது. அதிலும் நீலம் தெரிந்தால் குற்றம் டிப்பில் இல்லை, மீடியத்திலோ சூட்டிலோ இருக்கிறது. இந்த ஒரு டிஷ்ஷை வைக்காததால் மாதக்கணக்கில் விசையைக் குறைத்துக் குறைத்து அலைந்தவர்கள் உண்டு. அவர்களுடைய ஹீட்டர் 37 என்று காட்டிக்கொண்டே 40-ஐத் தாண்டியிருந்தது. மெல்லிய வெப்பமானியை டிஷ்ஷின் நீருக்குள்ளேயே விட்டு மாதம் ஒருமுறை சரிபாருங்கள்.

13. கடையைக் கட்டும்போது

டிப்பை உயரத் தூக்கிய பிறகு டிஷ்ஷை எடுங்கள். மாற்றி எடுத்தால் லீவர் போகும். மூலத் தரவை அப்படியே சேமியுங்கள், சமன்படுத்திய படத்தை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டாம். மீடியத்தை 1 சதவீத ஹைப்போகுளோரைட்டில் அரை மணி நேரம் வைத்த பிறகே கொட்ட வேண்டும். அந்தக் கரைசல் ஹோல்டரின் உலோகக் கிளிப்பில் படக்கூடாது, அரித்துவிடும். ஹோல்டருக்கு வாலைவடிநீர், பிறகு 70 சதவீத ஆல்கஹால், மறுபடி வாலைவடிநீர்.

கழுவாமல் விட்ட ஹோல்டரில் மீடியம் காய்ந்து உப்புப் படிகமாகும். மறுநாள் இந்த ஊர்க் காற்றின் ஈரத்தில் அது கசிந்து மின்தொடர்புகளுக்கு இறங்கும். அதனால் கிளிப்பின் இடுக்கை உருப்பெருக்கியில் பார்த்து, வெள்ளைத் துகள் இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். பிறகு பதிவேட்டில் அன்றைய லீவர், இரண்டு அளவுதிருத்த எண்கள், டிஷ்ஷின் உண்மையான வெப்பநிலை, தெருவில் லாரி ஓடிய நேரம் எல்லாவற்றையும் எழுதி, ஹோல்டரைச் சிலிக்கா ஜெல் பெட்டிக்குள் வையுங்கள்.